விசை வேலை செய்யவில்லையா? கடைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிக்கொண்டிருந்தேன், கோலாலம்பூர் செந்தூலிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணே, லேப்டாப் கீபோர்டு செத்துப்போச்சு, ஒரு எழுத்துகூட விழ மாட்டேங்குது." முந்தின நாளே வீட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் காட்டியிருக்கிறாள். நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, கீபோர்டையே மாற்ற வேண்டும், 280 வெள்ளி ஆகும், மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். கையில் அவ்வளவு காசில்லாததால் திரும்பி வந்திருக்கிறாள், நல்லவேளை. நான் போனிலேயே ஒன்று கேட்டேன்: "ஏதாவது ஒரு விசையை விடாமல் ரெண்டு வினாடி அழுத்திப் பிடி, எழுத்து வருதா?" வந்தது. படித்துக்கொண்டிருந்தபோது வலப்பக்க ஷிஃப்ட் மேல் கையை ஊன்றியிருக்கிறாள், விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறது, அதைப் படிக்காமலே 'யெஸ்' கொடுத்திருக்கிறாள். ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொண்டது, விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் அது எழுத்தை ஏற்கும், அவ்வளவுதான். அணைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

விசை செத்துப்போவது வேறு, விசை நன்றாக இருந்தும் கணினி அதைக் கேட்காமல் இருப்பது வேறு. நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமலே கடைக்கு ஓடுகிறார்கள், அல்லது கத்தியை எடுத்து விசையை நோண்ட ஆரம்பிக்கிறார்கள். முதலில் எந்தப் பக்கத்துக் கோளாறு என்று கண்டுபிடியுங்கள். திருப்புளியும் பணப்பையும் அதற்குப் பிறகுதான்.

எத்தனை விசை, எந்த விசை?

ஒரு தாளை எடுத்து வேலை செய்யாத விசைகளை எழுதுங்கள். இதைச் செய்யச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் பாதி விடை அந்தத் தாளிலேயே இருக்கும். ஏன் என்று தெரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் கீழே கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் ஒரு சின்னத் தாங்கி, நடுவில் ஒரு ரப்பர் குமிழ். இதற்கெல்லாம் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், அவற்றில் மின்சாரம் ஓடும் கோடுகள் அச்சடித்திருக்கும். விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கி மேல் தாளைக் கீழ்த் தாளோடு தொட வைக்கிறது, கணினிக்குச் செய்தி போகிறது. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன, ஒரு கோட்டைப் பல விசைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இப்போது தாளைப் பாருங்கள். ஒரே ஒரு விசை மட்டும் என்றால் அநேகமாகத் தூசி, ரொட்டித் துகள், அல்லது தேய்ந்துபோன குமிழ். பக்கத்துப் பக்கத்து விசைகள் கூட்டமாக என்றால் அந்த இடத்தில் ஏதோ சிந்தியிருக்கிறது, நீங்கள் இல்லையென்று சத்தியம் செய்தாலும் சரி, வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் அல்லவா. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் ஒன்றாகப் போனால், அவை பங்கு போடும் ஒரு கோடு அறுந்திருக்கலாம், அல்லது கீபோர்டை மதர்போர்டோடு, அதாவது லேப்டாப்பின் முதன்மைச் சுற்றுப்பலகையோடு, இணைக்கும் பட்டை கேபிள் கொஞ்சம் கழன்றிருக்கலாம். இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. எல்லா விசைகளும் ஒரேயடியாகப் போனால் முதலில் மென்பொருளைச் சந்தேகப்படுங்கள். விசை அடித்தால் வேறு எழுத்து வருகிறது என்றால் கீபோர்டில் பெரும்பாலும் ஒரு குறையும் இல்லை, அமைப்புதான் மாறியிருக்கிறது. அடிக்காமலே எழுத்து தானாக ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு விசை அழுந்தியபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

பத்து நிமிடப் பரிசோதனை

முதலில் 'ரீஸ்டார்ட்'. 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது அதே வேலை என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்தாலும் உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

சரியாகவில்லையா? அணைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் போய், கீபோர்டைக் கவனிக்கும் சின்னச் சில்லும் புதிதாகத் தொடங்கும். நம்ப முடியாத அளவு எளிய வேலை, ஆனால் இதிலேயே சரியானவை எனக்கே இரண்டு மூன்று உண்டு.

அடுத்து திரைக் கீபோர்டு. கண்ட்ரோல், விண்டோஸ், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். அந்த விசைகளே வேலை செய்யவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவின் அமைப்புகளில் அக்சசிபிலிட்டி பகுதிக்குப் போய் மவுசாலேயே திறக்கலாம். கடவுச்சொல் கேட்கும் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டவர்களுக்கு: வலப்பக்க அடிமூலையில் அதே அக்சசிபிலிட்டி படம் இருக்கும், அதற்குள்ளேயும் திரைக் கீபோர்டு உண்டு. இதன் இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. நிஜக் கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் திரையில் அதே விசை மின்னும். எது மின்னுகிறது, எது மின்னவில்லை, எது நீங்கள் தொடாமலே மின்னிக்கொண்டிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். கண்ட்ரோல் விசை மாட்டிக்கொண்டதால் எழுத்தே விழாமல் வேறு என்னென்னவோ திறந்துகொண்டிருந்த ஒரு லேப்டாப்பை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அப்புறம் வெளிக் கீபோர்டு. பக்கத்து வீட்டில் கேளுங்கள், யாரிடமாவது ஒரு பழைய யூஎஸ்பி கீபோர்டு கிடக்கும். அதைச் செருகினால் எல்லாம் ஒழுங்காக வருகிறதா? அப்படியானால் கோளாறு லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில், அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில். வெளிக் கீபோர்டிலும் அதே தப்பு வருகிறதா? அப்படியானால் கீபோர்டின் மேல் பழி போடாதீர்கள், அமைப்புகளில் தேடுங்கள்.

கடைசியாக பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள். கணினி தொடங்கும்போதே எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் டெல், ஏசர், ஆசுஸ் போன்றவற்றில் நீல நிறத்திலோ கறுப்பிலோ ஒரு பக்கம் திறக்கும், எச்பியில் எஃப்10. விண்டோஸ் இன்னும் வரவே இல்லை, ஆகவே அங்கே அம்பு விசைகளும் என்டரும் எஸ்கேப்பும் ஒழுங்காக வேலை செய்து, விண்டோசில் அதே விசைகள் செய்யவில்லை என்றால் குற்றவாளி விண்டோஸ்தான். அங்கே எதையும் மாற்றாதீர்கள். சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கீபோர்டு நன்றாக இருக்கும்போது

சித்தி மகளுக்கு நடந்தது ஃபில்டர் கீஸ்: வலப்பக்க ஷிஃப்டை 8 வினாடி பிடித்தால் வரும். ஸ்டிக்கி கீஸ் என்பது அதன் தங்கை, ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றை ஒருமுறை தட்டினாலே அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும், ஷிஃப்டை 5 முறை தட்டினால் வரும். இரண்டையும் அணைக்க விண்டோஸ் 11-இல் அமைப்புகள், அக்சசிபிலிட்டி, கீபோர்டு என்று போங்கள். அங்கேயே குறுக்குவழியையும் அணைத்துவிட்டால் மறுபடி தவறிக்கூட வராது.

யூ, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 வருகிறது, ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 வருகிறது என்றால் அது 'நம் லாக்' (Num Lock) என்ற எண் பூட்டு. தனி எண் பகுதி இல்லாத சில பழைய லேப்டாப்புகளில் எழுத்து விசைகளே எண் விசைகளாகவும் வேலை செய்யும். வெளிக் கீபோர்டு செருகி அதில் நம் லாக் அழுத்தியவர்களுக்கு இது அடிக்கடி வரும். எஃப்என் விசையோடு நம் லாக்கை அழுத்துங்கள், போய்விடும். ஒலி, வெளிச்ச விசைகள் மட்டும் இடம் மாறி நடந்துகொண்டால் எஃப்என் பூட்டு. நிறைய லெனோவோ, டெல் லேப்டாப்புகளில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்ந்து அதைத் திறக்கும்.

இனி நமக்கே உரிய ஒரு சிக்கல். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் விண்டோசில் தமிழ் அமைப்பைச் சேர்த்திருப்பார்கள், அல்லது நம் மலேசியாக்காரரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மாதிரி ஒரு செயலியை வைத்திருப்பார்கள். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்து அழுந்தினால் மொழி மாறிவிடும். அது தெரியாமல் கடவுச்சொல்லை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு கீபோர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். திரையின் வலப்பக்க அடியில் என்ன மொழி என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு எஃப் விசை போனால் தனி வேதனை, ஏனென்றால் புள்ளி அங்கேதான் இருக்கிறது. எனக்கு அது ஒருமுறை போனது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானாக வந்துவிடும் என்பதால் 'அக்கா'வும் 'அப்பா'வும் ஒழுங்காக விழுந்தார்கள், ஆனால் 'தமிழ்' என்று எழுதினால் 'தமிழ' என்று நின்றது. ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்காமல் எழுதியவர்கள் எப்படித்தான் சமாளித்தார்களோ என்று அந்த ஒரு வாரம் நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய லேப்டாப்புகளை இங்கே நிறையப் பேர் வாங்குகிறார்கள், விலை குறைவு, உழைப்பும் பரவாயில்லை. அவற்றில் குறியீட்டு விசைகளின் இடமே வேறு. 2-க்கு மேலே இரட்டை மேற்கோள் இருக்கும், மின்னஞ்சல் முகவரியில் போடும் 'அட்' குறி பி விசைக்குப் பக்கத்தில் இருக்கும். விண்டோஸ் அமெரிக்க அமைப்பில் இருந்தால் மூடியில் எழுதியிருப்பது ஒன்று, திரையில் விழுவது ஒன்று. கோளாறு இல்லை, அமைப்பை ஜப்பானியக் கீபோர்டுக்கு மாற்றினால் எழுதியிருப்பதே விழும்.

டிரைவர் சந்தேகம் இருந்தால் விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கீபோர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் இருப்பதை வலச்சொடுக்கி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் 'ஸ்டாண்டர்ட் பிஎஸ்2 கீபோர்ட்' என்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விண்டோஸ் தானாக மறுபடி நிறுவிக்கொள்ளும். மவுசை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பது

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, ஒன்றிரண்டு விசைகள் மட்டும் அடம்பிடிக்கின்றனவா, இப்போதுதான் கை வைக்கலாம். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, அதில் தூசி சும்மா உட்காராது, ஒட்டிக்கொள்ளும். எறும்பு வேறு. லேப்டாப் பக்கத்தில் வைத்துப் பிஸ்கட் சாப்பிடுபவர் வீட்டில் விசைக்கு அடியில் எறும்பு குடியிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். லேப்டாப்பைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். பிறகு காற்று அடைத்த டப்பாவால் விசைகளுக்கு இடையில் அடியுங்கள். லேப்டாப்பைச் செங்குத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்த்து, டப்பாவை நேராகப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டும். டப்பாவைச் சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து வெளியே பீய்ச்சும். டப்பா இல்லாவிட்டால் மென்மையான ஓவியத் தூரிகை போதும், மிஸ்டர் டிஐஒய் கடையில் கிடைக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும்.

அதற்கும் அசையவில்லை என்றால் விசை மூடியைக் கழற்றலாம், ஆனால் கவனம். காலாவதியான டச் அன் கோ கட்டண அட்டை ஒன்று எல்லோர் வீட்டிலும் கிடக்குமே, அதன் மூலை இதற்கு அருமையான கருவி, கத்தியைப் போல எதையும் கீறாது. மூடியின் ஒரு ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பினால் 'டிக்' என்று வரும். எந்த ஓரம் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும், ஆகவே உங்கள் மாடல் பெயரைப் போட்டு ஒரு காணொளி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தேவையில்லாத ஒரு விசையில் முதலில் பழகுங்கள். இடைவெளி விசை, என்டர், ஷிஃப்ட் மூன்றையும் தொடாதீர்கள், அவற்றின் அடியில் விசையைத் தாங்கும் உலோகக் கம்பி இருக்கும், மறுபடி மாட்டுவதற்குள் உயிர் போய்விடும். மூடி வந்ததும் உள்ளே இருப்பதைக் காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும். கை சுத்தம் செய்யும் ஜெல்லோ துருவுக்கு அடிக்கும் எண்ணெயோ வேண்டாம், அவை உள்ளேயே தங்கி அழுக்கைச் சேர்க்கும்.

2015 முதல் 2019 வரை வந்த சில மேக்புக்குகளில் பட்டர்ஃபிளை என்ற வேறு வகைத் தாங்கி இருந்தது. ஒரு துகள் தூசிக்கே விசை மாட்டிக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது, 2018-இல் ஆப்பிளே இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது, அதுவும் லேப்டாப் முதலில் விற்ற நாளிலிருந்து 4 ஆண்டுக்குத்தான். பழைய மேக்புக் வாங்கப் போகிறவர்கள் அந்த ஆண்டுகளைப் பார்த்து வாங்குங்கள். அதில் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

தே தாரிக் கொட்டினால்

இதற்கு நேரம்தான் முக்கியம். ஃபைலைச் சேமிக்கலாமா என்று யோசிக்காதீர்கள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பைத் திறந்தபடியே கவிழ்த்து, கூடாரம் மாதிரி துண்டின் மேல் நிறுத்துங்கள். திரவம் கீபோர்டுக்கு அடியில் மதர்போர்டை நோக்கி இறங்காமல் வந்த வழியே திரும்ப வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் ஏர்கான் அறையிலோ மின்விசிறிக்கு முன்னாலோ இரண்டு நாள் அப்படியே விட்டு, பிறகு போட்டுப் பாருங்கள். ஹேர் டிரையர் சூட்டில் பிளாஸ்டிக் வளையும். அரிசிக்குள் புதைப்பதால் தூசியும் மாவும்தான் உள்ளே போகும்.

தே தாரிக், மைலோ, இனிப்புப் போட்ட கோப்பி என்றால் காய்வது போதாது. தண்ணீர் போய்விடும், சீனியும் கெட்டிப்பாலும் அங்கேயே பசையாக நிற்கும், அந்த மின்கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். மூன்றாம் நாள் நன்றாக இருந்த லேப்டாப் மூன்றாம் மாதம் விசை விசையாகச் சாவது இப்படித்தான். காயவைத்த கையோடு, போட்டுப் பார்க்காமல், உள்ளே திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். என்ன கொட்டியது என்று உண்மையைச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு 'தண்ணீர்தான்' என்று சொன்னால் அவர் அதற்குத் தக்க வேலைதான் செய்வார்.

இன்னொன்று, கீபோர்டின் நடுப்பகுதி லேசாக மேலே எழுந்தாற்போல் இருந்தாலோ, டச்பேட் அழுத்த வராமல் போனாலோ, அது கீபோர்டு பிரச்சினை இல்லை, அடியில் பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுப் போகிறவர்கள் இதைத் தனியாகப் பார்த்து வையுங்கள்.

கடைக்குப் போகும்வரை

ஒரே ஒரு விசைதான் போயிருக்கிறது, சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றால், மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் செயலியில் கீபோர்டு மேனேஜர் என்று ஒன்று உண்டு. நீங்கள் தொடாத கேப்ஸ் லாக்கை அந்தப் போன எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். நான் எஃப் விசையை அப்படித்தான் ஓட்டினேன். கை பழக இரண்டு நாள் ஆகும், ஆனால் காசில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் வாரண்டி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வேறு யாரையும் திறக்க விடாதீர்கள். திரவம் கொட்டியதைச் சாதாரண வாரண்டி பெரும்பாலும் ஏற்காது. வாரண்டி முடிந்தவர்களுக்கு கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா, பினாங்கில் கொம்தார் பக்கம், இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். கேட்க வேண்டியது: கீபோர்டு மட்டும் மாறுமா, அல்லது மேல் மூடியோடு, அதாவது கீபோர்டைச் சுற்றிக் கை வைக்கும் பகுதியோடு, சேர்ந்து மாறுமா? பழைய திங்க்பேட் மாதிரியானவற்றில் சில திருகுகளைக் கழற்றினால் கீபோர்டு தனியாக வந்துவிடும். இப்போதைய மெல்லிய லேப்டாப் பலவற்றில் பிளாஸ்டிக் ஆணிகளை உருக்கிக் கீபோர்டை மேல் மூடியோடு ஒட்டவைத்திருக்கிறார்கள், அதனால் கூலி ஏறும். 'பார்க்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம்' மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். முக்கியமான ஃபைல்களை வீட்டிலேயே நகல் எடுத்துவிடுங்கள். கீபோர்டு மாற்ற உங்கள் கடவுச்சொல் தேவையில்லை, கேட்டால் கொடுக்க வேண்டாம்.

காசைக் கொடுக்குமுன் கடையிலேயே உட்கார்ந்து திரைக் கீபோர்டைத் திறந்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி மின்னுகிறதா பாருங்கள், அவர் அவசரப்படுத்தினாலும் சரி. பின்னால் கோளாறு வந்து கடைக்காரர் கையை விரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.